1.6-ஆ 1.8-ஆ: கண்ணைத் தொறந்து மூடுற காருக்காக நாலு மாசம் அலைஞ்ச கதை

போன செப்டம்பர்ல ஆரம்பிச்சுது இந்தக் கிறுக்கு. வாசல்ல ஏற்கனவே ஒரு கார் நிக்குது, புள்ளைங்க ஸ்கூலுக்கும் காய்கறிக்கும் அது தாராளமா போதும், ஆனாலும் நாப்பத்தஞ்சு தாண்டறதுக்குள்ள ரெண்டே சீட்டு வச்ச, கூரையை மடக்கிட்டு ஓட்டற ஒரு பழைய கார் வாங்கியே தீரணும்னு மனசுல விழுந்துருச்சு. இங்கிலாந்துல இந்தக் கவென்ட்ரில குடியிருந்துட்டு இந்த ஆசை வராம இருந்தாத்தான் ஆச்சரியம். டிரையம்ப் கார் எல்லாம் செஞ்ச ஊரு இது. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வெயில் தலை காட்டினா போதும், எங்க தெருவுல ஒரு தாத்தா அவரோட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரை வெளிய எடுத்து, முன்பக்கம் மொத்தத்தையும் அப்படியே கவுத்தி வச்சுட்டு, பாதி உடம்பை உள்ள விட்டுக்கிட்டு நிப்பாரு. சாயங்காலம் வரைக்கும் நிப்பாரு. ஓட்டி நான் பாத்ததே இல்ல.

எனக்கு ஓட்டணும். ரிப்பேர் பாக்கற வயசும் இல்ல பொறுமையும் இல்ல. அதனால மாஸ்டா எம்எக்ஸ்-5, அதுலயும் முதல் மாடல், ஸ்விட்சைத் தட்டினா ஹெட்லைட் ரெண்டும் தூங்கி எந்திரிச்ச மாதிரி மேல வரும்ல, அது. 1989 பிப்ரவரில சிகாகோ ஷோவுல காட்டினாங்க, 1997 வரைக்கும் இந்த உருவம். அமெரிக்காவுல மியாட்டா, ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர், மத்த இடத்துல எம்எக்ஸ்-5, எல்லாம் ஒரே வண்டிதான். அறுபதுகள்ல வந்த லோட்டஸ் இலான் மாதிரி ஒரு கார், ஆனா ஆயில் ஒழுகக்கூடாது, மழைல நின்னா காலைல ஸ்டார்ட் ஆகணும், அவ்வளவுதான் ஐடியா. அந்த புராஜெக்ட்டுக்குத் தலைவரா இருந்தவர் தோஷிஹிகோ ஹிராய், குதிரையும் மேல உக்காந்திருக்கிறவனும் ஒண்ணா இருக்கணும்னு ஜப்பான்ல ஒரு சொல்லு உண்டு, ஜின்பா இத்தாய், அதையே வேத வாக்கா வச்சு செஞ்சாங்களாம்.

சரி, குதிரை முடிவாயிடுச்சு. எத்தனை குதிரை சக்தி? அங்கதான் மாட்டினேன். 1.6 லிட்டர் எஞ்சின் இருக்கு, 1.8 லிட்டரும் இருக்கு.

ஊர்ல காலேஜ் படிக்கறப்ப யமஹா பைக்ல ஆர்எக்ஸ் 100-ஆ ஆர்எக்ஸ் 135-ஆன்னு டீக்கடைல அடிச்சுக்குவோம், ஞாபகம் இருக்கறவங்களுக்குத் தெரியும். கணக்குப்படி 135தான் பெருசு, ஆனா 100 வச்சிருக்கறவன் ஒருத்தன் கூட அதை ஒத்துக்க மாட்டான், "மாப்ள பிக்கப் பாரு, பிக்கப்ப பாரு"ன்னு சாவியை நீட்டுவான். எங்கிட்ட ரெண்டும் கிடையாது, நான் பஸ்ஸு. ஆனா அந்த வாதத்துல இருந்து எனக்கு ஒண்ணு ஒட்டிக்கிச்சு, சின்ன எஞ்சின்காரன் பொய் சொல்றான், பெரிய எஞ்சின்தான் நல்லதுன்னு. அதனால இங்கயும் முதல் நாளே முடிவு பண்ணிட்டேன், 1.8தான். காரணம் கேட்டா சொல்லத் தெரியாது. பெருசு, அவ்வளவுதான்.

பேப்பர்ல பாத்தா முதல்ல வந்த 1.6ல 1597 சிசி, 115 குதிரை சக்தி, இங்க 1994ல வந்த 1.8ல 1839 சிசி, 130 பக்கம். டார்க், அதாவது இழுவை, 135 நியூட்டன் மீட்டர் சொச்சம் அதுல, 150 பக்கம் இதுல. நின்ன இடத்துல இருந்து மணிக்கு அறுபது மைல் தொடறதுக்கு ரெண்டுக்கும் ஒரு செகண்டு கூட வித்தியாசம் வராது. ஏன்னா 1.8 வந்தப்ப வண்டியும் நாப்பது கிலோ பக்கம் ஏறிடுச்சு. இதைப் பாத்ததும், இவ்வளவுதானா, இதுக்கு எதுக்கு 1.8க்கு ஆயிரம் பவுண்டு கூடக் கேக்கறாங்கன்னு தோணுச்சு. உடனே மனசு 1.6 பக்கம் சாஞ்சிருச்சு. அதோட வீட்டம்மாவோட அண்ணன் ஒருத்தர் போன்ல, "மாப்ள, 1.6ன்னா ரோடு டாக்ஸும் கம்மிங்க"ன்னு அடிச்சு விட்டாரு. அது தப்பு. 2001 மார்ச்சுக்கு முன்னாடி பதிவான வண்டிக்கு இங்க எஞ்சின் அளவை வச்சுதான் டாக்ஸ், ஆனா கோடு போட்டிருக்கறது 1549 சிசில. 1597ம் 1839ம் ஒரே பக்கம்தான், ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. பெட்ரோலும் அப்படித்தான், என் கால் சும்மா இருந்தா ரெண்டும் கேலனுக்கு முப்பது மைல் சொச்சம் குடுக்கும், என் கால் சும்மா இருக்காது.

முதல்ல பாக்கப் போனது நார்தாம்ப்டன் பக்கம் ஒரு 1.6. 1996 வண்டி, ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வச்சிருந்தாங்க, 2,800 பவுண்டு. அவ்வளவு சுத்தம், கையுறை போட்டு ஓட்டிருப்பாங்க போல. டீ எல்லாம் குடுத்தாங்க. எனக்கு அப்பவே வாங்கிடணும்னு இருந்துச்சு. ஓட்டிப் பாத்தா... எப்படிச் சொல்றது, மிதிச்சா சத்தம் வருது, வண்டி வரல. பவர் ஸ்டீரிங் வேற இல்ல, பார்க்கிங்ல திருப்பறதுக்குள்ள தோள்பட்டை எறங்கிருச்சு. மெயின் ரோட்டுல சேரும்போது பின்னாடி வந்த வேன்காரன் லைட்டை அடிச்சான். ஸ்போர்ட்ஸ் கார்ல உக்காந்துக்கிட்டு வேன்காரன்கிட்ட லைட் அடி வாங்கினது எனக்கு அவமானமா போச்சு. 1.6ன்னா இவ்வளவுதான் போல, ஆர்எக்ஸ் 100காரனுங்க சொன்னது எல்லாம் பொய்தான்னு நினைச்சுக்கிட்டே வீடு வந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சுதான் விஷயம் தெரிஞ்சுது. 1.8 வந்த உடனே 1.6அ நிறுத்திட்டு, 1995ல திரும்ப கொண்டு வந்தாங்க, விலை கம்மி மாடலா. கொண்டு வரும்போது எஞ்சினோட மூச்சைப் புடிச்சு 90 குதிரைக்கு எறக்கி விட்டாங்க. அதே 1597 சிசிதான், கிட்டத்தட்ட கால்வாசி சக்தி காணோம். ஸ்டீல் வீலு, பவர் ஸ்டீரிங் இல்லாதது, எல்லாம் அந்த சிக்கனத்துலதான். ஆக இந்த ஊர்ல 1.6, 1.8ன்னு சொன்னாலும் உண்மையில இருக்கறது மூணு எஞ்சின். 115, 90, 130. இதை விளம்பரத்துல யாரும் எழுத மாட்டாங்க, டீச்சரம்மாவுக்கே தெரியாது பாவம். 1.6னு பாத்தா அடுத்து வருஷத்தைப் பாருங்க, 95க்கு மேலன்னா அது வேற வண்டி. மெதுவா ஊர் சுத்த, புதுசா லைசென்ஸ் வாங்கின புள்ளைக்கு, அது ஒண்ணும் மோசமில்ல. எனக்கு வேணாம்.

அப்பதான் லெஸ்டர் பக்கம் கராஜ் வச்சிருக்கற அண்ணைகிட்ட போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், என் பழைய கார் எல்லாம் அவர்தான் பாப்பாரு, வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1.6-ஆ 1.8-ஆன்னு நான் பெரிய பீடிகை போட்டு முடிச்சதும் கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு, "தம்பி, எஞ்சின் போனா இன்னொண்டு எடுத்துப் போடலாம். முதல்ல பின் சில்லுக்கு முன்னால கறள் இருக்கோ எண்டு பாருங்கோ."

நமக்கு துரு, அவங்களுக்கு கறள், அது எனக்குத் தெரியும். ஆனா "சில்லு"ன்னதும் நான் கதவுக்குக் கீழ ஓடுற அந்த 'சில்'லைத்தான் சொல்றாருன்னு நினைச்சுட்டேன். அவங்க ஊர்ல சில்லுன்னா சக்கரம். கூத்து என்னன்னா ரெண்டு அர்த்தத்துல எடுத்தாலும் இடம் ஒண்ணுதான், இந்த வண்டி அழுகறதே பின் சக்கரத்துக்கு முன்னாடி, அந்த சில்லோட வால் பகுதியிலதான். கூரைல விழுற தண்ணி சீட்டுக்குப் பின்னாடி ஒரு வாய்க்கால்ல இறங்கி, ரெண்டு பக்கமும் ஒரு குழாய் வழியா கீழ போகணும். அந்தக் குழாய்ல எலை தழை அடைச்சுக்கிட்டா தண்ணி போற வழி இல்லாம சில்லுக்குள்ள தேங்கிரும், உள்ள இருந்து அழுகிட்டு வரும். வெளிய பெயிண்ட்ல கொப்பளம் தெரியறப்ப உள்ள பாதி இருக்காது. மேல இருந்து இது, கீழ இருந்து குளிர்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு.

பழைய பல்லவி, எஞ்சினை விடு பாடியைப் பாருன்னு எல்லாரும் சொல்றதுதானேன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுட்டு 1.8 பாக்கப் போனேன்.

வூஸ்டர் பக்கம், 1994, 1.8ஐஎஸ், செவப்பு, 5,200 பவுண்டு. சத்தியமா சொல்றேன், அதை ஓட்டின பத்தாவது நிமிஷம் நான் விழுந்துட்டேன். நாலாவது கியர்ல நாப்பது மைல் வேகத்துல போயிட்டிருக்கேன், சும்மா மிதிச்சேன், கியரே மாத்தல, பின்னாடி இருந்து ஒரு கை வச்சுத் தள்ற மாதிரி போச்சு. நார்தாம்ப்டன்ல பட்ட அவமானம் எல்லாம் காத்துல பறந்துருச்சு. பிரேக்கும் நல்லா இருந்துச்சு, அதுக்கும் காரணம் இருக்கு. 1.8ன்னா எஞ்சின் மட்டும் மாறல, முன் பிரேக் டிஸ்க் 235 மில்லிமீட்டர்ல இருந்து 255க்கு போச்சு, பின்னாடி டிஃப்பரன்ஷியல், அதாவது எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குப் பிரிச்சு விடற பல்சக்கரப் பெட்டி, பெருசாச்சு, சீட்டுக்குப் பின்னாடி பெல்ட் மாட்டற ரெண்டு தூணுக்கும் நடுவுல ஒரு குறுக்குக் கம்பி போட்டாங்க, வண்டி ஆட்டம் கம்மியாச்சு. அந்த ஏறின நாப்பது கிலோவுல இதுவும் சேத்திதான். டிஃப்தான் இதுல பெரிய விஷயம். 1.6 டிஃப்புக்குள்ள இருக்கறது சின்ன பல்சக்கரம், சும்மா ஓட்டறதுக்குத் தாங்கும், டர்போ போட்டு ஆட்டம் காட்டினா பல்லு போயிரும். அதனாலதான் டர்போ கிறுக்கு புடிச்ச 1.6காரங்க எல்லாம் 1.8 டிஃப் தேடி அலையறாங்க, டிஃப் மட்டும் வாங்கினா பத்தாது, ரெண்டு பக்க டிரைவ்ஷாஃப்ட்டு, நடு ஷாஃப்ட்டு எல்லாம் சேத்து வாங்கணும். பின்னாடி ஒரு நாள் டர்போ போடற எண்ணம் இருந்தா யோசிக்கவே வேணாம், நேரா 1.8க்குப் போயிருங்க.

அந்த வண்டிக்கு அடில புதுசா கறுப்பு அண்டர்சீல், அதான் துருப்பிடிக்காம இருக்கப் பூசற பூச்சு, அடிச்சிருந்துச்சு. பளபளன்னு. அதுக்கு அடில என்ன ஒளிஞ்சிருக்கும்னு யோசிக்காம நான் அதைப் பாத்து சந்தோஷப்பட்டேன், பாத்துக்கங்க எம் புத்திய. அப்புறம் அண்ணை சொன்னது திடீர்னு ஞாபகம் வந்து, ஓரமா நின்னு போன்ல அந்த நம்பர் போட்டு எம்ஓடி, அதாவது வருஷா வருஷம் வண்டிக்கு நடக்கற தகுதிச் சோதனையோட ஹிஸ்டரி எடுத்தேன், இங்க அது எல்லாருக்கும் இலவசம். மூணு வருஷம் வரிசையா ஒரே வரி, பின்பக்க சில் துருப்பிடிச்சிருக்கு, ரெண்டு பக்கமும். நாலாவது வருஷம் அந்த வரி காணோம். சரி, வெல்டு பண்ணிருப்பாங்க, பில்லு இருக்கான்னு விக்கறவர்கிட்ட கேட்டேன். "இந்த வயசு காருக்கு அதெல்லாம் சகஜம்"னாரு. நான் கேட்டது சகஜமான்னு இல்லையே. பாக்கெட்ல ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம் ஒண்ணு வச்சிருந்தேன், பெயிண்ட்ல கீறல் விழக்கூடாதுன்னு கைக்குட்டைல சுத்தி, கதவுக்குக் கீழ இருந்து பின்னாடி சக்கரம் வரைக்கும் அப்படியே நகத்திட்டு போனேன். வலது பக்கம் புடிச்சுக்கிச்சு. இடது பக்கம் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னாடி டப்புன்னு கீழ விழுந்துருச்சு. ரெண்டாவது தடவ வச்சேன், திரும்ப விழுந்துச்சு. அங்க இரும்பே இல்ல, புட்டியைப் பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்கு. எனக்கும் அவருக்கும் நடுவுல அந்தக் காந்தம் தரைல கெடக்குது, ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நிக்கறோம்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் மனசு கேக்கல. வெல்டிங்குக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆகட்டுமே, அந்த நாலாவது கியர் இழுவை இருக்கேன்னு. அண்ணைக்கு போன் போட்டேன். "நீங்க என்னட்ட கேக்கேல்ல தம்பி, வாங்கச் சொல்லிச் சொல்லச் சொல்லுறீங்கள்"னாரு. வச்சுட்டேன்.

டிசம்பர்ல பிரிஸ்டல் பக்கம் ஒரு யூனோஸ் கிடைச்சுது. ஜப்பான்ல இருந்து இறக்குமதியான வண்டி, 1991 கடைசி, 1.6, நீலம், ஓடோமீட்டர் கிலோமீட்டர்ல. இந்த யூனோஸுக்கு ஜப்பான்காரங்க பேப்பர்ல 120 குதிரை போட்டிருப்பாங்க. இதுல ஒரு நல்லது ஒரு கெட்டது, அங்க ரொம்ப இடத்துல நம்ம இங்க மாதிரி உப்பு கொட்டறதில்ல அதனால வரும்போது அடி சுத்தமா வரும், ஆனா அண்டர்சீல் அடிக்காம வர்றதால இங்க வந்த அப்புறம் யாராவது அடிச்சு காப்பாத்தலன்னா உள்ளூர் வண்டியை விட வேகமா அழுகிரும். இது தப்பிச்ச வண்டி. காந்தம் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டே வந்துச்சு. சீட்டுக்குப் பின்னாடி ஒரு பாட்டில் தண்ணி ஊத்தினேன், சக்கரத்துகிட்ட கீழ கொட்டுச்சு. விக்கறவர் சின்னப் பையன், குழந்தை பொறக்கப் போகுது, அதான் விக்கறேன்னான்.

1.6ல ஒண்ணு மட்டும் கட்டாயம் பாக்கணும், இது 1.8ல இல்லாத தொல்லை. 1991 நடுவாக்குல வரைக்கும் வந்த 1.6 எஞ்சின்ல கிராங்க்ஷாஃப்ட்டோட, அதாவது பிஸ்டன் சுத்தி விடற பெரிய தண்டோட, முன்நுனி மூக்கு குட்டை. புல்லி உக்கார்ற இடத்துல இருக்கற சாவிக்கட்டை அந்தக் குட்டை மூக்குல நாள்பட நாள்பட தேஞ்சு, புல்லி ஆட ஆரம்பிக்கும், டைமிங் நழுவும், எஞ்சின் சோம்பும். அப்புறம் மூக்கை நீட்டி, போல்ட்டையும் பெருசாக்கி சரி பண்ணிட்டாங்க. கழட்டாமலே பாக்கலாம், முன்னாடி கீழ டார்ச் அடிச்சா புல்லில வெட்டு வெட்டா இருக்கும், பொதுவா நாலு வெட்டு இருந்தா குட்டை மூக்கு, எட்டு இருந்தா நீள மூக்கு. டிசம்பர் மாசம் ஈரத் தரைல மல்லாக்கப் படுத்து எண்ணினேன். அஞ்சு வரைக்கும் எண்ணினதுமே சிரிப்பு வந்துருச்சு, நாலைத் தாண்டிருச்சுல்ல. அந்தப் பையன் நான் எதுக்கு சிரிக்கறேன்னு குனிஞ்சு பாக்கறான்.

ஸ்டார்ட் பண்ணதும் மேல டிக் டிக் டிக்னு தையல் மிஷின் சத்தம், ஒரு நிமிஷத்துல அடங்கிருச்சு, அது வால்வை அமுக்கற டாப்பெட்டு, ரெண்டு எஞ்சின்லயும் வர்றதுதான், நல்ல ஆயில் மாத்தினா குறையும். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு ஜப்பான் எழுத்துல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு, அதை நம்பல. நல்ல வேளை, இந்த எஞ்சின்கள்ல ஓடும்போது பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்காது, நடு ரோட்டுல நிப்போம், எஞ்சின் பொழைச்சுக்கும்.

ஓட்டினேன். நார்தாம்ப்டன் வண்டிக்கும் இதுக்கும் போட்டிருக்கற நம்பர் ஒண்ணுதான், சொந்தம் கூட கிடையாது போல. கீழ 1.8 மாதிரி தள்ளல, உண்மை. எஞ்சின் நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் சுத்தறப்ப மிதிச்சா என்ன வேணும்னு கேட்டுட்டுதான் போகும். ஆனா நாலாயிரத்துல குரல் மாறுது, அஞ்சாயிரத்துல கை ரோமம் நிக்குது, ஏழாயிரம் வரைக்கும் சளைக்காம ஏறுது, அந்தக் குட்டி கியர் லிவரு மணிக்கட்டைத் திருப்பினா போதும், டக்குன்னு விழுது. 1.8லயும் இதே லிவர்தான், ஆனா அதுல தேவைப்படாததால நான் கியரே மாத்தல. இதுல மாத்தலன்னா நகராது, அதனால மாத்திட்டே இருந்தேன், மாத்த மாத்த சிரிச்சுட்டே இருந்தேன். இந்த ஊர்ல ரெண்டு பக்கமும் வேலி வச்ச சின்ன ரோட்டுல அறுபது மைலுக்கு மேல போகக் கூடாது. 1.8ல அறுபதுக்குள்ள எஞ்சினோட பாதியைத்தான் கேட்டேன். 1.6ல ரெண்டாவது கியர்லயே முழுப்பாட்டும் கேட்டுரலாம். ஆர்எக்ஸ் 100காரன் "பிக்கப்ப பாரு"ன்னு சாவியை நீட்டினானே, அவன் சொன்னது செகண்டு கணக்கு இல்லன்னு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு பிரிஸ்டல்ல புரியுது.

4,900 சொன்னான், 4,600க்கு முடிச்சோம். பொறக்கப் போற குழந்தைக்கு நூறு கூட குடுத்திருக்கலாம்னு இப்ப தோணுது.

குறை சொல்லணும்னா சொல்லலாம். மோட்டர்வேல எழுபதுல போனா அஞ்சாவது கியர்லயும் 3,600 பக்கம் சுத்திட்டே இருக்கும், 1.8ல டிஃப் விகிதம் 4.3க்கு பதில் 4.1, அதனால கொஞ்சம் அமைதி, தினமும் மோட்டர்வேல ஆபீஸ் போறவங்களுக்கு நான் 1.6 சொல்ல மாட்டேன். ரெண்டாவது மாசமே கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகி பெடல் தரையோட படுத்துருச்சு, அண்ணை சின்ன சாமான்தான்னு அரை மணி நேரத்துல மாத்தினாரு. குளிர்ல முதல் ரெண்டு மைலுக்கு செகண்டு கியர் விழாது, கெஞ்சணும், அது இந்த கியர்பாக்ஸோட பொறவி குணம், அதுல 1.6க்கும் 1.8க்கும் பேதமில்ல. லண்டன் பக்கம் எடுத்துட்டு போறதே இல்ல, உலெஸ்ஸுக்கு, அதாவது புகை கக்கற பழைய வண்டிக்கு அங்க போடற கட்டணத்துக்கு, நாளுக்கு பன்னெண்டரை பவுண்டு அழணும்.

ஏப்ரல்ல முதல் தடவையா வீட்டம்மாவை உக்கார வச்சு ஃபாஸ் வே வழியா கிளம்பினோம், ரோமாக்காரன் போட்ட ரோடு, நேரா போகும், கூரை மடக்கியாச்சு, அவளும் துப்பட்டாவைத் தலையைச் சுத்திக் கட்டிக்கிட்டு நல்லாத்தான் வந்தா. பான்பரி போற வழில சன்ரைசிங் ஹில்னு ஒரு ஏத்தம் இருக்கு, செங்குத்தா வளைஞ்சு வளைஞ்சு ஏறும். முன்னாடி ஒரு கேரவன்காரன் உருண்டுட்டு போறான், பின்னாடி டிக்கில ஒரு வாரத்துக்கான சாமான், பத்து கிலோ பொன்னி அரிசி வேற. மூணாவதுல திணறுச்சு. ரெண்டாவதுக்குத் தட்டினேன், ஆறாயிரத்துல கத்திக்கிட்டு ஏறுது, எனக்கு சொர்க்கம், ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு பக்கத்துல திரும்பிப் பாத்தா அவ ரெண்டு காதையும் பொத்திட்டு உக்காந்திருக்கா.

"ஏங்க, மிக்ஸில வெறும் ஜாரை ஓட விட்ட மாதிரி இருக்கு. இதுல பெரிய எஞ்சின் எதுவும் வரலையா?"